அத்தானும் கை தட்டினார்

பக்கத்து நகரசபையோடு தங்கள் நகரசபையைச் சேர்க்கப்போகிறார்கள் என்ற விஷயம் அந்த ஊர்க்காரர்களுக்குக் காலைச் செய்தியில்தான் தெரியவந்தது. நகரசபைத் தலைவருக்கும் அப்போதுதான் தெரியுமாம். ஒரு கன்னத்தில் சவர நுரையோடு அவர் தெருவுக்கு ஓடிவந்து, எதிர்வீட்டுக்காரரிடம் "நீங்களும் கேட்டீங்களா?" என்று விசாரித்ததாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. இனிமேல் பிறப்புச் சான்றிதழுக்கும் வீட்டு அனுமதிக்கும் எங்கே போய் நிற்பது, குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் சட்டையைப் பிடிப்பது என்ற கவலை எல்லோருக்கும் வந்துவிட்டது.

சேர்க்கப்போவது இரண்டு சின்ன நகரசபைகளை. நடுவில் ஒரு கால்வாய், அதன்மேல் ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் மேடு. தெருக்கள் நேராக இருக்கும், விளக்குகள் ஒழுங்காக எரியும், தண்ணீர்த் தொட்டிக்கு வருஷம் தவறாமல் வெள்ளையடிப்பார்கள். அந்தப் பக்கம் பள்ளம். அங்கிருந்த நூற்பாலையை மூடிய பிறகு வரி கொடுக்கிற அளவுக்கு வசதியானவர்கள் யாரும் மிஞ்சவில்லை. நாலு மழை சேர்ந்து பெய்தால் கால்வாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும்.

கியர் அக்கா இந்தப் பக்கத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்திவந்தாள். பள்ளி என்றால் கடைத்தெருவில் ஓர் அறை, சுவரில் சாலைக் குறியீடுகள் போட்ட படம், வெளியே கதவில் நசுங்கல் விழுந்த ஒரு சின்னக் கார். ஊரில் பாதிப் பேர் அவளிடம்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். பயிற்சியின்போது அவள் வாய்க்குப் பயந்தே பிரேக்கைச் சரியாக மிதித்துவிடுவார்கள் என்று பெயர். அவளுடைய கணவர் தண்ணீர் மோட்டார்களைப் பழுதுபார்ப்பவர். நாள் முழுக்க மோட்டார் இரைச்சலில் இருந்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேசமாட்டார்.

இணைப்பை எதிர்த்து ஒரு குழு அமைக்க வேண்டும் என்று ஹார்டுவேர் கடைக்காரர் ஆரம்பித்தபோது, முதல் கூட்டம் அந்தப் பயிற்சிப் பள்ளி அறையில்தான் நடந்தது. ஆளுக்கு ஆள் சட்டம் பேசிக் குழப்பிக்கொண்டிருந்த நேரத்தில் கியர் அக்கா எழுந்து சொன்னாள்:

"பொண்ணையும் கேக்கலை, மாப்பிள்ளையையும் கேக்கலை. கல்யாணப் பத்திரிகை மட்டும் அடிச்சாச்சு. அதுதானே விஷயம்? அதை மட்டும் பேசுவோம்."

அறை அதிரச் சிரித்தார்கள். அன்றைக்கே அவளைக் குழுவின் பேச்சாளர் ஆக்கிவிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. யாரையும் கேட்காமல் செய்கிறார்களே என்ற கோபம் அவளுக்கு மனதாரவே இருந்தது.

அவளுடைய சொந்த அக்கா வாழ்க்கைப்பட்டது பாலத்துக்கு அந்தப் பக்கம். அத்தான் அந்தப் பக்கத்து நகரசபையில் சாக்கடைப் பராமரிப்பு மேற்பார்வையாளர். கியர் அக்கா தொழில் ஆரம்பித்த காலத்தில், விடியும் முன்னே பயிற்சிக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால், மகளை அக்கா வீட்டில்தான் விட்டுவைத்திருந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயது வரை அந்தப் பெண் பெரியம்மா கையால் சாப்பிட்டுத்தான் வளர்ந்தாள். பெரியப்பா வேலை முடிந்து வந்து, தேய்த்துத் தேய்த்துக் குளித்த பிறகுதான் அவளைத் தூக்குவார். சோப்பு வாசனையைப் பெரியப்பா வாசனை என்றே அவள் சொல்வாள்.

குழு ஆரம்பித்த சில நாளில் அத்தான் பயிற்சிப் பள்ளிக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடி பேசினார். தங்கள் பக்கத்திலும் யாருக்கும் இந்த இணைப்பு பிடிக்கவில்லை என்றார். பெரிய அலுவலகம் வந்தால் தங்களைப் போன்ற ஆட்களைத்தான் முதலில் கழித்துக்கட்டுவார்கள் என்றார்.

"எங்களையும் யாரும் கேக்கலைம்மா. ரெண்டு பக்கமும் சேர்ந்து போய் நின்னா, அவங்களால தட்டிக்கழிக்க முடியாது. உங்க குழுவுல கேட்டுப் பாரேன்."

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. குழுவில் சொன்னாள். ஹார்டுவேர் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சேர வேண்டாம்னு சொல்றதுக்கு, அவங்களோட சேர்ந்து போறதா?" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அத்தானிடம், பேசிப் பார்த்ததாகவும் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டார்.

முதலில் நடந்த தெருமுனைக் கூட்டங்களுக்கு ஆள் சேரவில்லை. உரிமை, நிர்வாகம், கருத்துக் கேட்பு என்று பேசினால் ஜனங்கள் நின்று கேட்டுவிட்டுக் காய்கறிப் பையோடு நகர்ந்துவிடுவார்கள். ஒரு நாள் பேச்சின் நடுவே, அந்தப் பக்கத்துச் சாக்கடைகளைச் சரிசெய்ய நம் வரிப்பணம்தான் போகும் என்றாள். நகர்ந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அடுத்த கூட்டத்தில் அதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னாள். கூட்டம் நெருங்கி வந்தது. எதைச் சொன்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்பது அவளுக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. பேச்சில் மற்ற விஷயங்கள் குறைந்துகொண்டே போயின.

பெரிய கூட்டம் விளையாட்டு மைதானத்தில் ஏற்பாடாயிற்று. ஊரே திரண்டு வந்திருந்தது. கடைகளை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு வந்தார்கள். ஒலிபெருக்கியில் தன் குரல் மைதானத்துச் சுவரில் மோதித் திரும்பி வருவதைக் கேட்கக் கேட்க கியர் அக்காவுக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. கல்யாணப் பத்திரிகை ஜோக்கைச் சொன்னாள், சிரித்தார்கள். போதவில்லை என்று தோன்றியது. இன்னும் வேண்டும் என்று இருந்தது. அப்போதுதான் அது வாயிலிருந்து வந்தது.

"அந்தப் பக்கத்துல சாக்கடை எது, சமையலறை எதுன்னு அவங்களுக்கே தெரியாது. நாளைக்கு நம்ம வீட்டுக் குழாயைத் திறந்தா ரெண்டும் சேர்ந்து வரும்."

மைதானம் கொந்தளித்தது. விசில் பறந்தது. ஹார்டுவேர் கடைக்காரர் நாற்காலியில் இருந்து எழுந்து நின்று கை தட்டினார். அவள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அப்படிப் பார்த்தபோதுதான், ஓரத்தில், சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அத்தான் நிற்பது தெரிந்தது. கையில் ஒரு துணிப்பை. அவரைச் சுற்றிலும் எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அத்தான் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, அவரும் கை தட்டினார். மெதுவாக, நாலைந்து தடவை.

அதற்குப் பிறகு என்ன பேசினாள் என்று அவளுக்கு நினைவில்லை. மேடையை விட்டு இறங்கியபோது கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், தோளில் தட்டினார்கள். சைக்கிள்கள் பக்கம் போய்ப் பார்த்தாள். அவர் இல்லை.

வீட்டில் அந்தத் துணிப்பை மேஜைமேல் இருந்தது. கல்லூரியில் படிக்கும் மகளுக்காக அக்கா தைத்துக் கொடுத்தனுப்பிய சட்டைகள். அத்தான் வந்து கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டதாகக் கணவர் சொன்னார். மகள் சட்டையைப் போட்டுப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறது என்று காட்டினாள். கியர் அக்கா நிமிர்ந்து பார்க்காமலேயே நன்றாக இருக்கிறது என்றாள்.

மறுநாள் அக்காவின் தொலைபேசி அழைப்பு வந்தது. திட்டட்டும் என்று கியர் அக்கா நினைத்தாள். திட்டு வாங்கிக்கொண்டால் பாதி பாரம் குறையும் என்றிருந்தது. அக்கா சட்டை சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு, "கூட்டத்துல பிரமாதமா பேசினியாமே. ஊரே கை தட்டுச்சுன்னு உங்க அத்தான் சொன்னார்" என்றாள். குரலில் பெருமை இருந்தது. இவள், ஜலதோஷம், அதிகம் பேச முடியவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அந்த வார்த்தை அவளை விட்டுப் பறந்துபோய்விட்டது. யாரோ கைப்பேசியில் படம் பிடித்திருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்களைக் கடைத்தெருவில் 'சமையலறை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பாலத்தைத் தாண்டிய முதல் நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போது, "சமையலறை எல்லாம் இறங்கு" என்று நடத்துநர் குரல் கொடுத்ததை அவளே ஒரு நாள் கேட்டாள். அவளுடைய பயிற்சிக் கார் அந்த பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பெண் அதைக் கேட்டுச் சிரித்து, "உங்க டயலாக் அக்கா" என்றாள். சாலையைப் பார்த்து ஓட்டு என்று கியர் அக்கா எரிந்துவிழுந்தாள். அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அத்தானைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று ஒரு நாள் கிளம்பினாள். வீட்டுக்குப் போனால் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்பதால் அவர் வேலைசெய்யும் இடத்தைத் தேடிப் போனாள். ஒரு தெருவில் சாக்கடை மூடிகளைத் திறந்து வைத்து, நீண்ட கம்பிகளால் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் அவளைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பக்கத்துக் கடையில் டீ சொன்னார். கம்பி பிடித்திருந்த அம்மாள் ஒருத்தி, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தபடி இவளைப் பார்த்தாள்.

"உங்க கொழுந்தியாளா சார்? தெரியும். போன்ல பார்த்திருக்கோம்."

அந்த அம்மாள் குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். மற்றவர்களும் யாரும் நிமிரவில்லை. அத்தான் டீயை நீட்டி, மகளுடைய படிப்பைப் பற்றி விசாரித்தார். அவள் வரவழைத்துக்கொண்ட சிரிப்போடு பதில் சொன்னாள். எதற்காக இவ்வளவு தூரம் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது, அப்படியே வந்தேன் என்று அவளாகவே ஒரு பொய்யைச் சொல்லி, டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அரசு அனுப்பிய விசாரணை அதிகாரி நகரசபை மண்டபத்தில் உட்கார்ந்து கருத்துக் கேட்டார். கியர் அக்கா அன்று வேறு மாதிரி பேசினாள். அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்காமல் செய்வது தப்பு, இரண்டு பக்கத்தையும் கேளுங்கள் என்று மட்டும் சொன்னாள். அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டு குறித்துக்கொண்டார். அவள் உட்கார்ந்ததும் ஹார்டுவேர் கடைக்காரர் எழுந்து, எங்கள் பேச்சாளருக்கு இன்று உடம்பு சரியில்லை, அவர் மைதானத்தில் சொன்னதை நான் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அந்த வரிகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். அவள் எழுந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். இணைப்பு உத்தரவு ரத்தாயிற்று. ஆனால் ரத்தானது இந்தப் பக்கத்துக்கு மட்டும். அந்தப் பக்கத்து நகரசபையைக் கலைத்து, தொலைவில் உள்ள மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். வெற்றிக் கூட்டத்தில் ஹார்டுவேர் கடைக்காரர் அந்த உத்தரவை உரக்கப் படித்தார். கருத்துக் கேட்கவில்லை என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. இரு பகுதி மக்களிடையே பரஸ்பர மரியாதையும் நல்லுறவும் இல்லாத காரணத்தால் இணைப்பு உகந்ததல்ல என்று எழுதியிருந்தது. அந்த வாக்கியத்துக்கும் கை தட்டினார்கள்.

பிறகு அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினாள்.

"அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

ஜனங்கள் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். அவள் வழக்கம்போல் எதையோ சுற்றி வளைத்து ஜோக்குக்கு வரப்போகிறாள் என்று நினைத்து முன்வரிசையில் சிரிக்கவே தொடங்கிவிட்டார்கள். சிரிப்பு பின்னால் பரவியது, கை தட்டலாகிவிட்டது. ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அன்றே, வெளிச்சம் இருக்கும்போதே, நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா தையல் மெஷினில் இருந்தாள். அத்தான் தரையில் உட்கார்ந்து செருப்பு வாரை ஒட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. மாநகராட்சியில் ஏதோ வாகனக் கூடத்தில் வேலை. முதல் பஸ்ஸில் போய் இருட்டிய பிறகுதான் வர முடியும். அவரோடு வேலைசெய்தவர்களுக்கு அதுவும் இல்லை, சாக்கடை வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் அக்காதான் சொன்னாள், புகாராக இல்லாமல், நடந்ததைச் சொல்வதுபோல. இவள் நின்றுகொண்டே கேட்டாள். கால் வலிக்காதா, உட்காரேன் என்றாள் அக்கா.

"அத்தான், அன்னைக்கு மைதானத்துல நீங்களும் கை தட்டினீங்க. நான் பார்த்தேன்."

அவர் பசை டப்பாவை மூடினார்.

"எல்லாரும் தட்டினாங்கம்மா. நான் மட்டும் சும்மா நின்னா எந்த ஊர்னு கேப்பாங்க."

அக்காவின் கால் மெஷினில் நின்றுவிட்டது. எதற்குக் கை தட்டினார்கள் என்று கேட்டாள். அவளிடம் நவீனக் கைப்பேசி கிடையாது. தெருவில் பேசிக்கொள்கிற அந்தப் பட்டப்பெயரைக் கேட்டிருக்கிறாள். அது யார் வாயிலிருந்து வந்தது என்று அவளிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அத்தான் வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டினார். ஆனால் கியர் அக்கா சொல்லிவிட்டாள். மேடையில் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். அந்தச் சின்ன அறையில், மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே, அது நரகலைப்போல நாறியது.

அக்கா ஊசியில் மாட்டியிருந்த நூலை அறுத்து, தைத்துக்கொண்டிருந்ததை மடித்து ஓரமாக வைத்தாள்.

"என்னைச் சொன்னாக்கூடப் பரவாயில்லை. இவர் உன்கிட்ட, சேர்ந்து நிக்கலாம்னு கேட்டுட்டு வந்தாரே. வந்து எவ்வளவு சந்தோஷமாச் சொன்னார் தெரியுமா?"

கியர் அக்கா அழுதாள். அக்கா அவளைத் தேற்றவில்லை. இருட்டுறதுக்குள்ள கிளம்பு என்று மட்டும் சொன்னாள்.

பிறகு இரண்டு வீட்டுக்கும் இடையே போக்குவரத்து நின்றுபோயிற்று. மகள் மட்டும் போய் வந்துகொண்டிருந்தாள். நகரசபைத் தேர்தலில் நிற்கச் சொல்லி ஹார்டுவேர் கடைக்காரர் நடையாய் நடந்தார், முடியாது என்றாள். காரணம் கேட்டதற்கு, மைதானத்தில் பேசியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்று உள்ளபடியே சொன்னாள். அவருக்கு அது புரியவில்லை. ஜெயித்துக் கொடுத்த பேச்சாச்சே என்றார்.

அடுத்த வருஷம் மகளுக்கு வெளியூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. வழியனுப்ப அக்கா பஸ் நிலையத்துக்கு வந்திருந்தாள். மகளைக் கட்டிக்கொண்டாள், தலையைக் கோதினாள், பெட்டியை இறுக்கமாகக் கட்டச் சொன்னாள். தங்கையின் பக்கம் திரும்பி, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து நீ, வா, போ என்று பேசியவள். கியர் அக்காவின் கணவர் அதைக் கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார். நல்லா இருக்கேன் அக்கா என்றாள் இவள்.

பஸ் போன பிறகு, வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று அக்காவைக் காரில் ஏறச் சொன்னாள். மறுப்பாள் என்று நினைத்தாள். மறுக்கவில்லை. கணவர் தனக்குக் கடையில் வேலை இருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டார். முன்கதவை இவள் திறந்துவிட, அக்கா பின்கதவைத் தானே திறந்து உட்கார்ந்துகொண்டாள். பாலத்தைத் தாண்டி, தெருமுனை வந்ததும், "இங்கேயே நிறுத்துங்க, போதும்" என்றாள். இறங்கி நடந்தாள்.

அன்று அத்தானுக்கு அரை நாள்தான் விடுப்பு, பஸ் நேரத்துக்கு வர முடியவில்லை. முனையில் நின்றிருந்தவர், காரைக் கண்டதும் கிட்டே வந்து ஜன்னலில் குனிந்தார். முன்னைவிட இளைத்திருந்தார்.

"புள்ளைக்கு ஜன்னலோர சீட் கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"கிடைச்சுது அத்தான்" என்றாள். ஸ்டியரிங்கைப் பார்த்தபடியேதான் சொன்னாள். அவர் இன்னும் ஏதாவது கேட்பார் என்று இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தாள். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. பார்த்துப் போம்மா என்று சொல்லி அவர் வழிவிட்டார்.